செய்திப்படத்தில் தெரிந்த முகம்

கடைசி ரீலில் கணவன் திரும்பி வரும் படங்களை நான் முழுதாகப் பார்ப்பதில்லை. தாடி வளர்த்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பெண்டாட்டி மட்டும் குரலைக் கேட்டதும் ஓடி வந்து காலில் விழுவாள். அந்த இடம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். நல்ல கட்டத்தில் ஏன் எழுந்து போகிறாய் என்று கேட்பவர்களிடம் புழுக்கம் என்று சொல்லிச் சமாளிப்பேன். காரணம் வேறு.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த கடைசி வருஷங்கள் அவை. எனக்குப் பதினேழு வயது, சினிமாப் பைத்தியம். எல்லாப் படத்தைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சாகப்போகிறவள் ஏன் மூன்று பாட்டுப் பாடிவிட்டுச் சாகிறாள், நாள் முழுக்க நாற்று நட்டவன் வேட்டியில் ஏன் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை என்று கேட்பேன். நெரவியிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, கொட்டகை மணலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும் பெண்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அழவைப்பதற்கென்றே எடுத்த படத்தில் அழுவது என்ன கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பேன்.

கல்யாணமாகாத பெண் தனியாகச் சினிமாவுக்குப் போவது எங்கள் வீட்டில் நடக்காது. அக்கா கூட வந்தால் போகலாம் என்பது அப்பாவின் சட்டம். ஆனால் அக்கா வந்தது படத்துக்காக அல்ல. அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், சொல்தா என்போம். கல்யாணமான ஐந்தாம் மாதம் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் கொட்டகையில் படத்துக்கு முன்னால் பிரெஞ்சுச் செய்திப்படம் போடுவார்கள். அதில் சில சமயம் சைகோன் பட்டாளம் வரும். பேசுவது ஒரு வார்த்தை புரியாது. அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். செய்திப்படம் முடிந்ததும் மூங்கில் காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு அதோடு சினிமா முடிந்தது.

ஒன்றரை வருஷம் தேடினாள். கடிதமும் நின்றுபோயிருந்தது. ஒரு நாள் கொட்டகையில் விளக்கை அணைத்த பிறகு, "இனிமே நான் வரலடி. யார் யார் மூஞ்சியவோ பாத்துப் பாத்துக் கண்ணு நோவுது" என்றாள். எனக்குத் திக்கென்றது. அவளுக்காக அல்ல, அவள் வராவிட்டால் எனக்கும் சினிமா இல்லை. திரையில் ஒரு கப்பலிலிருந்து சிப்பாய்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கறுத்த ஆள் ஒருவன் தொப்பியைச் சரிசெய்தபடி திரும்பினான், கூட்டத்தில் மறைந்தான். அந்த நேரம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தான்" என்றேன்.

"எங்கடி?"

"இப்பத்தான் போனாங்க. தொப்பியத் தொட்டுக்கிட்டு."

அந்தப் படம் ஓடிய நாளெல்லாம் அக்கா வந்தாள். நான் சொன்ன ஆளை மறுநாள் அவளும் பார்த்தாள். அவர்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். தொப்பியைத் தொடும் விதம் அப்படியே அவருடையதாம். இரண்டு மாதம் பாடிக்கொண்டே வீட்டுவேலை செய்தாள். ஏதோ புண்ணியம் செய்துவிட்டவள் மாதிரி நானும் நிமிர்ந்து நடந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு மேரியிலிருந்து ஒரு சேவகன் காகிதத்தோடு வந்தான். நகரசபைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அத்தான் சண்டையில் இறந்துவிட்டார். இறந்தது, நம் கணக்கில், தை மாதம். நாங்கள் அந்தச் செய்திப்படத்தைப் பார்த்தது சித்திரையில்.

பத்தாம் நாள் உறவுப் பெண்கள் அக்காவின் தாலியைக் கழற்ற வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா அழவே இல்லை.

"தையில செத்தவங்க சித்திரையில எப்படிங்க கப்பல்லேருந்து இறங்குவாங்க? என் தங்கச்சி கண்ணால பாத்திருக்கா. கேளுங்க" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்திப்படப் பெட்டி பல ஊர் சுற்றி எங்களிடம் வந்துசேர ஆறேழு மாதம் ஆகும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. திரையில் தெரிவது அன்றன்று நடப்பது என்றுதான் நம்பியிருந்தோம். எனக்கு அந்த விவரம்கூடத் தேவையில்லை. நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே வாய்விட்டு அழுதிருப்பாள்.

"ஆமா, பாத்தேன்" என்றேன்.

அம்மா விம்மினாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அக்கா பொட்டும் பூவுமாக இருந்தாள். ஊர் அவளை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பாமல் நழுவினார்கள். சுமங்கலி என்று குங்குமம் நீட்டவும் பயம், நீட்டாமல் போகவும் பயம்.

கொடி மாறியது. தெருவெல்லாம் வெடி போட்டார்கள். பிரெஞ்சுச் செய்திப்படம் நின்றுபோனது. கொஞ்ச நாள் கழித்து, "வாடி, படத்துக்குப் போவோம்" என்று அக்காதான் கூப்பிட்டாள். எனக்குச் சினிமா ஆசை எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆனாலும் போனேன். இந்தியச் செய்திப்படம் போட்டார்கள். எங்கோ ஓர் அணை கட்டுகிறார்கள். தலையில் சும்மாடு வைத்துக் கூட்டம் கூட்டமாகக் கல் சுமந்து போகிறார்கள். அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கூலிக்காரர்களில் ஒவ்வொரு முகமாகத் தேட ஆரம்பித்தாள்.

அவள் பக்கம் திரும்பி, தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இதுல இருக்க மாட்டாங்கக்கா. அன்னிக்கும் நான் அத்தானைப் பாக்கல. நீ படத்துக்கு வரமாட்டேன்னியே, அதுக்காகப் பொய் சொன்னேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ பாக்காட்டி என்னடி, மறுநாள் நான் பாத்தேனே" என்றாள். "தள்ளி உக்காரு, மறைக்குது."