காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு

கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் புரோகிராமர். கோட்டுச்சேரிமேட்டிலும் மண்டபத்தூரிலும் காலையில் கரையேறும் இறால் அன்றைக்கே எங்கள் பெட்டிகளில் உறைந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள். அதற்கான எண்ணை அடிக்கத் திரையும் கீபோர்டுமாக ஒரு டெர்மினல், டெர்மினலின் முதுகில் ஒரு பிரிண்டர். இரண்டுக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஒயர்.

அடிப்பவர் தலத்தெருவிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு கிறித்தவப் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒரு லேபிள் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பெட்டியின் எண்ணை அடித்துவிடுவார். அச்சு ஓடும் நேரத்தில் அடிப்பது திரையில் தெரியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. குளிர் அறை வாசலில் பெட்டியோடு நிற்கும் பெண்கள் விறைத்துப்போகக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

பிறகு லேபிள்களில் இலக்கங்கள் காணாமல் போகத் தொடங்கின. எப்போதாவது ஒன்றில், ஐந்து இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருக்கும். துறைமுகம் வரை போன ஒரு லாரிச் சரக்கு திரும்பி வந்தது. மேனேஜர் மெஷினைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் முறைத்துப் பார்த்தார்.

“கொஞ்சம் மெதுவா அடிங்களேன்” என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

“நான் அடிச்சது அடிச்சதுதான் சார். உங்க மெஷின்தான் முழுங்குது.”

கம்ப்யூட்டரை விற்றவர்கள் மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினியரை அனுப்பினார்கள். அந்த மகானுபாவர் ஒயரை மாற்றினார், தானே இரண்டு லேபிள் அடித்துப் பார்த்தார், உப்புக்காற்று என்றார். பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதி என்னிடம் நீட்டினார். “சும்மா ஃபார்மாலிட்டிதான் சார், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.” எங்கள் ஆபீஸில் சர்வீஸ் ரிப்போர்ட்டை யாரும் படித்துக் கையெழுத்திட்டதில்லை. நான் படித்தேன். படித்தும் போட்டேன்.

போட்ட கை உறுத்தியது. டிரைவரைக் கையில் எடுத்தேன். ஒயரில் வரும் எழுத்துகளை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சின்ன புரோகிராம் அது. மூன்று வாரம் மண்டை காய்ந்தது. ஓர் எழுத்து உள்ளே வந்தால் போர்ட்டைக் கவனிக்கும் சீரியல் சிப் டிரைவருக்கு மணியடித்துச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்தை வெளியே அனுப்பி முடித்தாலும் மணியடிக்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நேர்ந்தால் அந்தச் சிப் ஒரு முறைதான் அடித்தது. டிரைவர் போனதைக் கவனித்தது, வந்ததை விட்டுவிட்டது. அச்சு ஓடும்போது அடித்தால் மட்டுமே வரும் கோளாறு.

சிப்பை மாற்றினாலும் அதே ரகம்தான் வரும். அதனால் டிரைவரில் நான்கு வரி சேர்த்தேன். மணி எதற்காக அடித்தாலும் சிப்பை நம்பாதே, எழுத்து வந்திருக்கிறதா என்று நீயே பார் என்பதுதான் அதன் சாரம். ஒரு முழு நாள் அந்தப் பெண் தன் வேகத்தில் அடித்தார். ஓர் இலக்கம்கூடத் தொலையவில்லை.

“நான்தான் சொன்னேனே சார்” என்று சிரித்தார்.

மறுநாள் அவரை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. சான்றாகச் சர்வீஸ் ரிப்போர்ட்டைக் காட்டியிருந்தார்கள். கம்பெனி தரப்பில் அதை ஒப்புக்கொண்ட கையெழுத்து என்னுடையது.

மேனேஜரிடம் ஓடினேன். காகிதத்தில் சிப்பை வரைந்து விளக்கினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்படி ஒரு கோளாறு இருந்தா கண்ணுல காட்டுங்க” என்றார். நான்கு வரியையும் எடுத்துவிட்டு மேனேஜரை டெர்மினல் முன்னால் நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் மேனேஜருக்கு வேண்டியவர். ஒற்றை விரலால் அடித்தார். பிரிண்டர் நின்ற பிறகே அடுத்த எண்ணைத் தொட்டார். எல்லா லேபிளும் சரி. நானே உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். தட்டுத்தடுமாறும் என் விரல்களுக்கு அந்தக் கணம் சிக்கவே இல்லை.

“பாத்தீங்களா? அந்தப் பொண்ணு போச்சு, எல்லாம் சரியாயிடுச்சு.”

ஞாயிறு பூசை முடிந்த நேரமாகப் பார்த்துத் தலத்தெருவில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மேனேஜர் முன்னால் ஒரே ஒரு முறை அவருடைய வேகத்தில் அடித்துக் காட்டினால் போதும் என்றேன். காபி கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் கேட்டார்.

“நான் தப்பு பண்ணலன்னு காட்ட, நானே அங்க வந்து உக்காந்து தப்பா வர்ற மாதிரி அடிக்கணும். அப்படித்தான சார்?”

“தப்பு மெஷினோடதுங்க. அது அவங்களுக்குத் தெரியணும்.”

“அன்னைக்கு இன்ஜினியர் வந்தப்ப என்னைய ஒரு தடவ கூப்பிட்டிருந்தா, அவரு முன்னாடியே அடிச்சுக் காட்டியிருப்பேன். பக்கத்து ரூம்லதான் சார் இருந்தேன்.”

தம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அந்த நான்கு வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். அவற்றுக்கு இனி வேலையே இல்லை. ஒற்றை விரல் வேகத்தில் எந்த எழுத்தும் தொலையப்போவதில்லை. இருந்தாலும் அவற்றுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்: சிப்பின் பிழை, ஆபரேட்டர் தவறு இல்லை. புரோகிராமுக்குள் எழுதும் குறிப்பைக் கம்ப்யூட்டர் படிக்காது, தாண்டிப் போய்விடும். அந்த ஆபீஸில் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.