ரிக் வண்டிக்கு ஒரு வெப்சைட்

எங்கள் வீட்டில் ஒரு ரிக் வண்டி உண்டு. ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போடுகிற லாரி. அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், அதில் பாதிப் பாதி. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அந்தக் கம்பெனியின் திருச்செங்கோட்டு ஆபீஸில் ஒரு வேலை வேண்டும் என்று கொள்ளை ஆசை. கேட்டேன்.

"மொதல்ல கம்பெனிக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் காட்டு சாமி, அப்பறம் பாக்கலாம்" என்றார் அப்பா. நான் படித்தது தாவரவியல் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

சரியென்று யூடியூபைப் பார்த்து, வெப்சைட் எழுதுகிற எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டேன். நோட்பேடில் ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்து, சேமித்து, பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும். அதில் டேக் என்கிற கட்டளைக் குறி எதைத் திறந்தாலும் அதை மூட வேண்டும். மறந்தால் பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தில் கத்தும். எங்கள் வீட்டில் திறந்த வாயையே யாரும் மூடியதில்லை என்பதால் இது பழகக் கொஞ்சம் நாளானது.

பக்கத்தின் உச்சியில் இரண்டு முதலாளிகளின் படம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் ஒரு வரி இறங்கிவிட்டால் பந்தியில் உட்காராமல் எழுந்து போகிற ஜனம் நாங்கள். அதனால் அளவெடுத்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். என் லேப்டாப்பில் இருவரும் சரிசமமாகச் சிரித்தார்கள்.

இணையத்தில் ஏற்றியதும் மாமா அதைத் தன் போனில் திறந்தார். சின்னத் திரையில் இரண்டு படங்களுக்கு இடமில்லாமல் இரண்டாவது படம் கீழே இறங்கிவிட்டது. அப்பாவின் காலடியில் மாமா.

"ஏனுங்க மச்சான், வண்டியில பாதி என்னுதுங்க. என்னையக் கொண்டுபோய்க் கீழ நிறுத்திப்போட்டீங்களே?"

"நானெங்க நிறுத்துனேன்? எல்லாம் புள்ள பண்ணுனது" என்று அப்பா பெருந்தன்மையுடன் என்னைக் கைகாட்டினார். மாமா ஆபீஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஆளுக்குப் பாதித் திரை என்று அகலத்தைச் சதவீதத்தில் எழுதினால் போனிலும் சேர்ந்தே நிற்பார்கள் என்று கண்டுபிடித்துத் திருத்தினேன். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் மாமா. மாமா பார்த்தார். "அதென்னங்க, கண்ணு மொதல்ல எடப்பக்கந்தானுங்களே போவுது?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு முதலாளிகளையும் அழித்தேன். அந்த இடத்தில் ரிக் வண்டியின் படத்தை வைத்தேன். கீழே ஒரு போன் நம்பர். தெரியாத நம்பரென்றால் இருவருமே எடுக்க மாட்டார்கள் என்பதால் என்னுடையதைப் போட்டேன்.

பரமத்தி வேலூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஆபீஸ் மேனேஜரிடம் சொன்னேன், வண்டி போனது. பிறகு ஜலகண்டாபுரம். அதற்கப்புறம்தான் ஆர்டர்கள் என் போனுக்கு வருவது முதலாளிகளுக்குத் தெரிந்தது. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

"பொட்டப்புள்ள நம்பரு எதுக்கு சாமி வெளிய? மேனேஜர் நம்பரைப் போட்டுரு" என்றார் அப்பா.

"ஆமாங்க மச்சான், அதானுங்க மொறை" என்றார் மாமா. ஆபீஸ் வேலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நானே திறந்தேன்.

"மாத்தறனுங்க. ஆபீஸ்ல எனக்கொரு சேர் போடுங்க, அங்க வந்து உக்காந்து மாத்தறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை மாற்றத் தெரிந்த ஆள் இரண்டு குடும்பத்திலும் நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

என் போன் அடித்தது. கொடு என்று அப்பா கையை நீட்டினார். நான் காதில் வைத்தேன்.

"சொல்லுங்க, ரிக் ஆபீஸ்தானுங்க."