ஓடுவதற்கு முன்பே ஐந்து நட்சத்திரம்

வண்டியின் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அதற்கு மார்க் போடச் சொன்னார்கள். ஷோரூமில் சிவப்புத் துணியை விலக்கி, கேக் வெட்டி, என் இடுப்பு உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நிஜச் சாவி அங்கிருந்த விற்பனையாளரின் சட்டைப் பையில் இருந்தது. "மேடம், போனைக் குடுங்க. ஒரு ரிவியூ போட்டுட்டா சாவியைக் குடுத்துருவேன். நானே டைப் பண்ணிர்றேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். ராகு காலம் வருவதற்குள் வயலூர் முருகன் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டுவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். போனைக் கொடுத்தேன். விற்பனையாளர் என்னமோ தட்டினார், சாவி வந்தது. வயலூரில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு மாற்றியவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். காலையில் தில்லைநகர், அப்புறம் பொன்மலை ரயில்வே குடியிருப்பு, சாயங்காலம் ஸ்ரீரங்கம். திருச்சி வெயிலில் ஸ்கூட்டரில் போய் இறங்கி, அடுத்தவர் காலைத் தூக்கி மடக்கும்போது என் இடுப்பே என்னைத் திட்டும். அதனால்தான் கார். எது வாங்குவது என்று முடிவு செய்தது நான் இல்லை, இன்டர்நெட். என் வீட்டுக்காரர் மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்கினாலும் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிற ஆள். மாதக் கணக்கில் வீடியோ பார்த்தார், கமென்ட் படித்தார்.

"இந்தக் கம்பெனியோட பேருக்கே கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்டி" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினோம். பொன்மலையில் என்னிடம் முட்டிக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு டீச்சர், ஊரே மூக்கைச் சுளிக்கிற இன்னொரு கம்பெனியின் வண்டியைப் பல வருஷமாக ஓட்டுகிறார். ஒரு நாளும் வழியில் நின்றதில்லை என்று அவர் சொன்னதை, வாங்குவதற்கு முன்பே வீட்டில் வந்து சொன்னேன். "அந்தக் கம்பெனியா? சீ, அதுக்கு நட்சத்திரமே இல்லையே" என்றார் இவர். ஓட்டுகிறவள் சொன்னதற்கு மதிப்பில்லை, ஓட்டாதவன் போட்ட நட்சத்திரத்துக்கு மதிப்பு! அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில மாதம் கழித்து மாம்பழச் சாலை நெரிசலில் வண்டி முதல் தடவை நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் இன்ஜின் அணைந்துவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிப்போனது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். "லேடீஸ் ஓட்டினா இப்படித்தான்யா" என்று ஒருத்தர் என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் பழைய ஜீப்பில் கல்லூரி நாளிலேயே வண்டி ஓட்டிப் பழகியவள் நான். கால் மணி நேரம் கழித்து, சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஸ்டார்ட் ஆனது. அதன் பிறகு அதற்கு அதுவே வழக்கமாயிற்று. வெயில், ஏசி, நெரிசல் மூன்றும் சேர்ந்தால் நிற்கும்.

சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே வரவேற்று எழுதிக்கொள்ளும் அட்வைசர் ரொம்ப மரியாதையானவர். லாப்டாப்பை வண்டியில் சொருகிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல எர்ரர் எதுவும் காட்டலை மேடம்" என்றார்.

"ரோட்டுல நிக்குது சார்."

"எங்ககிட்ட வந்தா நிக்க மாட்டேங்குதே மேடம். ஒருவேளை நீங்க கிளட்ச் விடறதுல..."

நான் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "மேடம், கம்பெனில இருந்து போன் வரும். சர்வீஸுக்கு எத்தனை மார்க்னு கேப்பாங்க. பத்து சொல்லிருங்க. ஒம்பது சொன்னாக்கூட என்னைக் கூப்பிட்டு வறுத்து எடுத்துருவாங்க" என்றார்.

நான் பத்து சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் வண்டி பதிவானது இவர் நம்பரில், போன் வந்ததும் இவருக்கு. இவர் பத்து என்றார். "பாவம்டி, புள்ளகுட்டிக்காரன். நாம ஒரு நம்பர் சொல்லப்போக, அவன் பொழப்புல மண்ணைப் போடணுமா?" மறுபடி வண்டி நின்றது, மறுபடி சர்வீஸ், மறுபடி பத்து. வண்டி நிற்க நிற்க எங்கள் மார்க் குறையவே இல்லை. மேலிடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் திருச்சியிலேயே மிகவும் திருப்தியான வாடிக்கையாளர்.

இதில் துறையூர் கதை வேறு. இவருடைய பெரியப்பா மகன் துறையூரில் வியாபாரம் செய்கிறார். இவர் பேச்சைக் கேட்டு அவரும் இதே வண்டி வாங்கினார். அங்கே ஒரு காதுகுத்துக்குப் போனபோது மண்டப வாசலில் ஆம்பளைகள் எல்லாரும் வண்டிகளைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "வண்டி எப்படிண்ணே?" என்று யாரோ கேட்டார்கள். "சூப்பர்! ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார் அவர். எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பந்திக்குப் போகும்போது நான் அந்த வண்டியை எட்டிப் பார்த்தேன். முன்சீட்டில் ஒரு பனையோலை விசிறி கிடந்தது. ஏசி வண்டியில் எதற்கு விசிறி என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அக்கா அவர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஏசி போட்டா அவருக்குச் சளி புடிக்குதாம்மா" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. நம்ம ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தைக்கூடக் குறை சொல்லிவிடுவார்கள், வாங்கிய வண்டியைக் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஏமாந்தவன் என்று ஆகிவிடும், நாளைக்கு விற்கவும் முடியாது.

இதெல்லாம் எங்கள் தலைவிதி என்று நானும் ஏசியை அணைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஸ்ரீரங்கத்து மாமி அந்தப் போனை நீட்டாமல் இருந்திருந்தால்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாமா. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. யாராவது தூக்கிவிடாமல் எழுந்திருக்க முடியாது. அவருக்குத்தான் தினமும் சாயங்காலம் பயிற்சி. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் மாமிக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் மாமி அறுபது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஒரு நாள் நான் மாமாவின் கையை மடக்கிக்கொண்டிருந்தபோது மாமி போனோடு வந்தார்.

"ஏன்டிம்மா, இதப் பாரேன். நீயே இருக்கே!"

பார்த்தேன். அட்டைச் சாவியைக் கட்டிக்கொண்டு ஈயென்று பல்லைக் காட்டி நான் நிற்கிறேன். மேலே என் பேர். ஐந்து நட்சத்திரம். 'இன்ஜின் ரொம்ப ஸ்மூத். மைலேஜ் சூப்பர். குடும்பத்தோடு நம்பிப் போகலாம்.' அந்த விற்பனையாளர் தட்டியது இதுதான். அதை அவர் எழுதியபோது அந்த வண்டி ஷோரூம் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"ஊர்ல ஆயிரம் பேர் சொல்லுவா. நீ தெனம் ஓட்டறவ. உன் மூஞ்சியப் பாத்தப்புறம்தான் நேக்கு நிம்மதி" என்றார் மாமி. "இந்த வண்டியையே சொல்லிட்டேன். நாளன்னிக்கு அட்வான்ஸ். இவரைப் பின்னாடி சாச்சு ஒக்கார வெச்சு, ஏசியப் போட்டுண்டு ஜம்முனு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாம்."

மாமா கோணிய வாயால் சிரித்தார். என் கண்முன் வேறு படம் ஓடியது. உச்சி வெயிலில் காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நிற்கிறது, பின்சீட்டில் எழுந்திருக்க முடியாத மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாமி. "மாமி, வாங்காதீங்க. அது நடுரோட்டுல நிக்கும்" என்று சொல்லியேவிட்டேன்.

மாமி நம்பவில்லை. "போடி, அவ்ளோ பெரிய கம்பெனி! ஒனக்கு வந்தது ஏதோ திருஷ்டி" என்றார். ஐந்து நட்சத்திரம் போட்ட என்னை நம்பினார், எதிரில் நின்ற என்னை நம்பவில்லை.

வீட்டில் சொன்னேன். இவருக்கு வந்ததே கோபம். "ஒனக்கு எதுக்குடி ஊர் வம்பு? அடுத்த வருஷம் மாத்தலாம்னு இருக்கேன். இப்படி நாமளே டமாரம் அடிச்சா எவன் வாங்குவான்? அவங்க வாங்கினா வாங்கிட்டுப் போறாங்க!"

"அந்த மாமா பின்னாடி உக்காந்திருப்பாருங்க. எறங்கித் தள்ளுவாரா?"

"எல்லா வண்டியும் நிக்காது."

"துறையூர் வண்டி?"

"அண்ணன் சூப்பர்னுதானே சொல்றாரு?" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் மாமாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஏசியை முழுசாக வைத்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டி தங்கமாகப் போனது. "எங்கேடி நிக்கறது?" என்று மாமி என்னைச் சீண்டினார். "திரும்பி வரும்போது பாருங்க" என்று வண்டியைத் திருப்பினேன். உள்ளூர எனக்கே பயம். மானத்தை வாங்கத் தெரிந்த வண்டி, இன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடித் தொலைத்தால்?

ஏமாற்றவில்லை. பாலத்தின் பாதியில் பஸ், ஆட்டோ, மீன்பாடி வண்டி எல்லாம் சேர்ந்து ஊர்ந்தபோது இன்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விட்டு எடுக்கவே இல்லை. டூவீலரில் வந்த ரெண்டு பேர் இறங்கி வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். மாமியும் இறங்கி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். அப்புறம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளே பின்சீட்டையே பார்த்தார்.

"அவர் ஒக்காந்துண்டு இருந்திருந்தா?"

"அதைத்தான் மாமி நேத்து சொன்னேன்."

"நீ சொன்னே. நான்தான் போட்டோவ நம்பினேன்" என்றார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. என் முகத்தை வைத்து இன்னும் எத்தனை பேரை இந்தப் பாலத்தில் நிறுத்துவார்கள்? போனை மாமியிடம் கொடுத்தேன். அணைந்த வண்டி பக்கத்தில் நிஜச் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒரு போட்டோ எடுங்க மாமி."

"சிரிக்கப்படாது" என்றார் மாமி.

"எங்கிருந்து வரும் சிரிப்பு?"

பாலத்திலேயே நின்று அந்தப் பழைய ரிவியூவைத் திறந்து அழித்தேன். ஐந்தை ஒன்றாக்கினேன். அட்டைச் சாவிப் படத்தை எடுத்துவிட்டு இந்தப் படத்தைப் போட்டேன். 'முதலில் இருந்தது நான் எழுதியதில்லை. வண்டி ஓடுவதற்கு முன்பே ஷோரூமில் எழுதியது. இப்போது எழுதுவது நான். ஏசியோடு நெரிசலில் போனால் இந்த வண்டி நின்றுவிடும். பலமுறை காட்டியும் சரி செய்யவில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.' எழுதி முடித்துவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினேன், வண்டி ஸ்டார்ட் ஆனது.

நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே ஷோரூமிலிருந்து இவருக்குப் போன் போய்விட்டது. இத்தனை மாதமாக, கம்ப்யூட்டரில் எதுவும் காட்டவில்லை என்றவர்கள், மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார் என்றார்களாம். ஆனால் முதலில் அதை எடுத்துவிட வேண்டுமாம். பத்துப் பத்தாக இவர் போட்ட தானத்துக்கு அசையாத கம்பெனி, ஒரே ஒரு ஒன்றுக்கு அலறியது.

"மொதல்ல அதை எடு" என்றார் இவர், செருப்பைக்கூட நான் கழற்றவில்லை.

"எடுக்க மாட்டேன். வண்டியைச் சரி பண்ணட்டும், ஒரு கோடை முழுக்க நிக்காம ஓடட்டும், நானே மாத்திப் போடறேன். அதுவரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும்."

"ஊரே பாக்குதுடி! அண்ணன் என்ன நெனப்பாரு? நான்தான் வாங்கச் சொன்னேன், அவர் அங்க நல்லா ஓட்டிக்கிட்டு இருக்காரு..."

என் போன் அடித்தது. துறையூர். இவர் முகம் வெளிறியது. ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் இல்லை, அந்த அக்கா.

"நீ போட்டதைப் பாத்தேம்மா. எங்க வண்டியும் அப்படித்தான். இந்த வெயில்ல புள்ளைங்கள வெச்சுக்கிட்டு விசிறிக்கிட்டே போறேன், வெளிய சொல்லாதேங்கறாரு. அந்த நட்சத்திரம் எங்க போடறது, எப்படிப் போடறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

நான் போனை இவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். "உங்க அண்ணி கேக்கறாங்க. நட்சத்திரமெல்லாம் உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும், சொல்லுங்க" என்றேன்.