சுருக்கம் வந்துதா, ஸ்டெல்லா?

மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் எனக்குப் பிரமோஷன் கொடுத்தார்.

"பெரிம்மா, கொஞ்சம் உள்ள தள்ளி குந்து பெரிம்மா... இன்னும் ஒரு டிக்கெட் வருது."

பெரிம்மா! அதே ரூட், அதே ஆட்டோக்கள்... போன வருஷம் வரைக்கும் நான் 'அக்கா'. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? ஐம்பத்திரண்டு ஒரு வயதா? (ஐம்பத்திரண்டு வயதுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.)

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. ஆனால் இதன் முடிவு போன சனிக்கிழமைதான் வந்தது. அதனால்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நெற்றியில் மூன்று கோடு. கண்ணோரத்தில் விசிறி மடிப்பு. வாயின் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி - நான் பேசுவதையெல்லாம் யாரோ பிராக்கெட்டுக்குள் போட்டுவிட்டது போல. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் கணவர். மூக்குக் கண்ணாடியைப் போடாமலே சொன்னார்.

இந்தப் பத்திரிகையின் எடிட்டர் வேறு வாராவாரம் போன் பண்ணி, "மேடம், எழுத்துல கொஞ்சம் சுருக்கம் வேணும்" என்பார். எழுத்தில் வராதது எல்லாம் முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் சார்!

சரி, டாக்டரிடம் போவது என்று முடிவெடுத்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பாலிகிளினிக், முதல் மாடி. ஸ்கின் டாக்டருக்கு ஒரு கதவு, பிசியோதெரபிக்கு ஒரு கதவு. இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரு நீளமான பெஞ்ச். என் டோக்கன் எண் பதினொன்று. உள்ளே மூன்றாம் எண் போயிருந்தது.

பக்கத்தில் ஒரு பெண். முப்பத்தெட்டு, நாற்பது இருக்கலாம். முகத்தில் ஒரு கோடு கிடையாது. மடியில் ஒரு டவல், டவல் மேல் பிளாஸ்டிக் மக், மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர். அதற்குள் வலது கை விரல்கள் ஐந்தும் முங்கியிருந்தன. அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் வைத்தவள் கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னம்மா இது, ட்ரீட்மென்ட்டா?"

"சுருக்கத்துக்குதான்க்கா. அரை அவர் இப்டியே வெச்சினு இருக்கணும்."

அக்கா! எனக்கு அவளை உடனே பிடித்துப்போய்விட்டது. சுருக்கத்துக்கு இப்படி ஒரு வைத்தியமா? ஊசி இல்லை, கிரீம் இல்லை, வெறும் மக். எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!

கொஞ்ச நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சுருக்கம் வந்துதா, ஸ்டெல்லா?"

அவள் கையை வெளியே எடுத்தாள். விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். "வரல மேடம்."

நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "வரலையா? கங்கிராட்ஸ்! நல்லா வேலை செய்யுது போல. தண்ணியில என்ன கலக்கிறாங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லும்மா."

பிசியோ அம்மா என்னைப் பார்த்த பார்வையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஸ்டெல்லாவின் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடி அவளே சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு.

"ஐயோ அக்கா... வரக்கூடாதுன்னு இல்லக்கா. வரணும்னுதான் வேண்டினு கீறேன்."

சுருக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஸ்டெல்லா பெருங்களத்தூர்க்காரி. அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற டெக்னீஷியன், பதினாலு வருஷ சர்வீஸ். அதற்கு ஐந்து மாதம் முன்னால் ஊறுகாய் பாட்டிலைக் கழுவும்போது அது உடைந்து, மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து அறுந்த நரம்பைத் தைத்திருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டது. உணர்ச்சி மட்டும் வரவில்லை.

"ரத்தம் எடுக்கறது ஊசில இல்லக்கா, விரல்ல கீது. குண்டா இருப்பாங்க, கீமோ எடுத்தவங்க வருவாங்க, கைக்கொழந்தைங்க வரும்... கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. இந்த விரலை வெச்சு அழுத்தினா, உள்ள நரம்பு ஸ்பிரிங் மாதிரி எழும்பும். கெடைக்காத கேஸெல்லாம் ஸ்டெல்லாகிட்ட அனுப்புன்னுவாங்க." ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஊருக்கெல்லாம் நரம்பு கண்டுபுடிச்சுக் குடுத்தேன். என் நரம்பு அறுந்துபோச்சு."

பாருங்கள், நம் பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ரத்தம் ஓடுகிற குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. ஒன்றைத் தேட இன்னொன்று வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது லேபில் அவளை பில் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். "இன்னும் மூணு மாசம் பாக்கறேன், அப்புறம் வேற ஆள் போடணும்மா" என்று ஓனர் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை, காலையில் ஆறு மணிக்கே க்யூ நிற்கிற இடம் அது.

"அதுக்கும் இந்த மக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"கையைப் பாருங்கக்கா."

பார்த்தேன். இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

சுண்டுவிரல் நன்றாகச் சுருங்கிப்போயிருந்தது - துணி துவைத்தால் நமக்கு ஆகுமே, அப்படி. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வழவழவென்று இருந்தன, தண்ணீரில் நனைந்த அடையாளமே இல்லாமல். மோதிர விரல்தான் ஆச்சரியம். அதில் சுண்டுவிரலைப் பார்த்த பாதி சுருங்கியிருந்தது. நடுவிரலைப் பார்த்த பாதி சுருங்கவில்லை. ஒரே விரல், ஒரே மக், ஒரே தண்ணீர்... நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல ஓர் எல்லை!

"இந்த மூணரை விரலுக்கு ஒரு நரம்பு, மீதி ஒன்றரைக்கு வேற நரம்பு" என்றார் பிசியோ அம்மா. "அறுந்தது மூணரையோடது. நரம்பு உயிரோட இருந்தாதான் தண்ணியில தோல் சுருங்கும். அது திரும்பி வர்றதை இப்படியும் பார்க்கலாம்."

என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டது எனக்குக் காதிலேயே விழவில்லை. இரண்டு தரம் கத்தினார்களாம்.

உள்ளே ஸ்கின் டாக்டர் - என்னைவிடச் சின்னவர், பொறுமைசாலி - முகத்தில் லைட் அடித்துப் பார்த்தார். "வலது பக்கம் இடதைவிட வயசாகியிருக்கே. வலது பக்க ஜன்னலோரமா நிறைய உட்காருவீங்களா மேடம்?"

உட்காராமலா? பதினெட்டு வருஷம் ஆபீஸ் பஸ். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல் சீட். அதற்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்! வெயில் எல்லாவற்றையும் கன்னத்தில் குறித்து வைத்திருக்கிறது. எப்பேர்ப்பட்ட ஞாபகசக்தி இந்தத் தோலுக்கு!

டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இதற்காகவே படிக்கிறவர்கள் இருப்பீர்கள். வயதானால் தோலைத் தாங்குகிற நார்கள் மெலியும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் நமக்கு வருகிற சுருக்கத்தில் பெரும்பங்கு வெயிலின் வேலை. அதற்கடுத்து சிகரெட். அப்புறம், நாளெல்லாம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போன் பார்ப்பது. மேகமாக இருந்தாலும் காலையில் சன்ஸ்கிரீன், மத்தியானம் வெளியே போனால் இன்னொரு தரம், குடை. ராத்திரிக்கு ஒரு கிரீம் - பட்டாணி அளவுதான், முதலில் கொஞ்சம் எரியும், தோல் உரியும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கோடு மங்கும், அழியாது. ஊசி இருக்கிறது, அது போட்ட இடத்துத் தசையைச் சில மாதம் தூங்க வைக்கும். லேசர் இருக்கிறது. "ஏழே நாளில் இளமைன்னு எவன் வித்தாலும் வாங்காதீங்க" என்றார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் கேட்டேன்: "டாக்டர், தண்ணியில விரல் ஏன் சுருங்குது? தோல் ஊறிப்போய்த்தானே?"

"நானும் காலேஜ் போற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சிரித்தார். "தோல் சும்மா ஊறுறது இல்ல. நரம்பு உத்தரவு போடுது. விரல் நுனியில இருக்கிற குட்டி ரத்தக் குழாயெல்லாம் சுருங்குது, மேல தோல் மடியுது. ஈரமான பொருளைப் பிடிச்சா வழுக்காம இருக்கறதுக்காக இருக்கலாம்னு சொல்றாங்க. டயர்ல ரோட்டைப் பிடிக்கறதுக்குப் பட்டன் பட்டனா வெட்டு இருக்கில்ல, அது மாதிரி."

அதாவது, நாம் பாத்திரம் தேய்த்துக்கொண்டு சீரியல் கதையை யோசித்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே யாரோ 'இவள் கை ஈரம், தட்டு வழுக்கும்' என்று கவலைப்பட்டு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்! கேட்காமல், சம்பளம் வாங்காமல்.

மறுநாள் காலை, கணவர் வாக்கிங் போனதும், ஒரு பேசினில் வெந்நீர் விளாவி இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம்... பதினைந்து நிமிஷம்... ஒவ்வொன்றாக மடிப்பு விழுந்தது. பத்து விரலிலும். ஐம்பத்திரண்டு வருஷமாகக் குளிக்கிறேன், ஒருநாள் கூட இதை நின்று பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கிளினிக்குக்குப் போனதெல்லாம் ஸ்டெல்லா வருகிற சனிக்கிழமைகளில்தான். கிரீம் ஒரு சாக்கு. (தடவினேன், தடவாமல் இல்லை. நான் என்ன ஞானியா?) தைத்த இடத்திலிருந்து நரம்பு புதிதாக வளர்ந்து வர வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், எல்லாம் நல்லபடியாக இருந்தால். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். வேளச்சேரி ரோட்டில் காலை நேரத்துத் தண்ணி லாரி கூட அதைவிட வேகம்.

ஒவ்வொரு தரமும் ஸ்டெல்லா இடது கையை மக்கில் விட்டுச் சூடு பார்ப்பாள். வலது கையின் அந்த மூன்றரை விரலுக்குச் சூடு தெரியாது, வெந்து போனாலும் தெரியாது. அப்புறம் அந்த அரை மணி நேரம் நாங்கள் இருவரும் பேசுவோம், ஆனால் கண் மக்கில்தான். முதல் மாதம் சுருக்கம் வரவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை.

"ஓனர் ஒரு பொண்ணை ஒரு வாரம் ட்ரையலுக்கு வரச்சொல்லிக்கீறாருக்கா" என்றாள் ஒருநாள். "நல்ல பொண்ணுதான். ஆனா கொழந்தைங்களுக்கு மூணு தபா குத்துது. எனக்குப் பார்க்கவே முடியல, எழுந்து வெளிய போய்ட்டேன்."

நழுவியிருந்த டவலை அவள் மடியில் இழுத்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை. வழியில் பாலத்தருகே டிராஃபிக்கில் மாட்டி நான் இருபது நிமிஷம் லேட். மூச்சு வாங்க மாடியேறினால், பெஞ்சில் ஸ்டெல்லா இல்லை. மக் மட்டும் இருந்தது. பிசியோ ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் அவளும் பிசியோ அம்மாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! வாக்கா... சீக்கிரம் வா!"

'வாங்க' எல்லாம் போய்விட்டது. ஓடினேன்.

பெருவிரலில் இரண்டு மடிப்பு, தெளிவாக. ஆள்காட்டி விரலின் நுனியில் ஒன்று. மெலிசு... மயிரிழை போல. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. ஆனால் இருந்தது. என் முகத்தில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்காது. உலகத்தில் அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

"ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." என்று ஸ்டெல்லா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். விரலைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். எதற்கு இந்த விரல் என்று அவள் புருஷனுக்குத் தவிர யாருக்கும் புரிந்திருக்காது.

"இது நல்ல அறிகுறி. ஆனா முழுசா வர நாளாகும், அவசரப்படக்கூடாது" என்றார் பிசியோ அம்மா. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆனால் பிடித்த விரலை விடவில்லை.

ஸ்டெல்லாவா கேட்பாள்? "அக்கா, கையைக் குடு" என்றாள். நீட்டினேன். முழங்கை மடிப்பில் அந்த ஈரமான ஆள்காட்டி விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக அழுத்தினாள், நகர்த்தினாள், மறுபடி அழுத்தினாள்.

"நரம்பு இன்னும் தெரியலக்கா" என்றாள். கண் திறக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. "ஆனா உன் கை சூடா கீது. அது தெரியுதுக்கா... சூடு தெரியுது!"

அழுதுவிட்டேன். மூவரும்தான்.

நேற்று போன் பண்ணினாள். விஷயத்தைக் கேட்டு ஓனர் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறாராம். திரும்ப ஊசி பிடிக்கிற அன்றைக்கு முதல் ஆள் நான்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று தரம் குத்தினாலும் பரவாயில்லை. காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு, க்யூவில் முதலில் நிற்பேன்.