ஒன்றரை மேஜோடு

எதிர் வளவுக்குக் குடிவந்திருக்கும் ரயில்வேக்காரர் பெண்சாதிக்கு இது எட்டாம் மாதம். நேற்றுச் சாயங்காலம் கருவேப்பிலை கேட்டுப் போனேன். அந்தப் பெண் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் வெள்ளைக் கம்பளி நூலை வைத்துக்கொண்டு, இரண்டு ஊசியால் கட்டைவிரல் நீளத்துக்கு என்னமோ பின்னிக்கொண்டிருந்தது. "பிள்ளைக்கு ஸாக்ஸ், ஆச்சி. நல்லா இருக்கா?" என்று தூக்கிக் காட்டியது. எங்கள் காலத்தில் அதை மேஜோடு என்போம். நல்லா இருக்கு என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கருவேப்பிலையை வாங்காமலே திரும்பி வந்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்தேன். கிழடு தட்டிவிட்டது, கேட்கப் போனதை மறந்து வந்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் உண்டுதான். ஆனால் இது மறதி இல்லை, பயம். ஐம்பது வருஷப் பழசு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. சிந்துபூந்துறையில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவுகளுக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் கோமதி தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். வீட்டில் நானும் அவுகளும், அவுகளுக்கு அக்காவான மதினியும்தான். மதினி சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கும். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. வேலை குறைச்சல், பொழுது அதிகம், அவ்வளவுதான்.

பொழுது போகாதவளுக்கு மூன்று திசையிலிருந்தும் வேலை வந்து சேர்ந்தது. முதலாவது ராட்டு. நான் பிறந்தது கங்கைகொண்டானில். கரிசல் காட்டுப் பருத்தி ஊர். கல்யாணச் சீரோடு சீராக அப்பா ஒரு ராட்டையும் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். நான் நூற்கும் நூல் ஓரிடத்தில் தலைமுடி மாதிரியும் அடுத்த சாணில் மாட்டுக்கயிறு மாதிரியும் இருக்கும். "இத எந்தக் கூட்டத்துல கொண்டு போட்டாலும் ஒன் நூல்னு கண்டுபிடிச்சிரலாம்ட்டி" என்பாள் மதினி. பெருமைப்படுகிற பேச்சு இல்லை, ஆனாலும் நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கம்பளிப் பின்னல். பாளையங்கோட்டையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெள்ளைக்கார மிசியம்மா வண்டி கட்டிக்கொண்டு பாலம் தாண்டி வருவார். வேத புஸ்தகத்தில் ஒரு பக்கம் வாசிப்பார், பிறகு பின்னல் சொல்லிக்கொடுப்பார். வேதத்தை நாங்கள் பின்னலுக்காகப் பொறுத்துக்கொண்டோம், அவர் பின்னலை வேதத்துக்காகப் பொறுத்துக்கொண்டார். சித்திரை வெயிலில் கம்பளியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். வேர்வையில் நூல் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். என் துண்டு ஒரு வாரத்தில் அடுப்பங்கரைத் துணி நிறத்துக்கு வந்துவிட்டது. மிசியம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளாய், உனக்கு முன்னே இந்த வீட்டில் படித்தவள் சோப்பினால் கை கழுவாமல் ஒருபோதும் நூலைத் தொடமாட்டாள்" என்றார். அவர் மூத்தவளைத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. சுருக்கென்று தைத்தது.

மூன்றாவது சோப்பு. அது அவுகளுடைய பைத்தியம். அவுக தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சுதேசிப் பேச்சு ஊரெல்லாம் நடந்த காலம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் வெளியில் வாயைத் திறக்க முடியாது. அதனால் வீட்டுக்குள் சீமைச் சோப்பை ஒழித்துவிடுவது என்று முடிவு பண்ணி, ஒரு சின்னப் புஸ்தகமும் டவுணிலிருந்து சோப்புக் காரமும் வாங்கி வந்தார். கிண்டுகிறது மட்டும் நான். காரத்தைத் தண்ணீரில் போட்டால் நெருப்பில்லாமலே பானை கொதிக்கும். தேங்காயெண்ணெயை விட்டு, கூழ்ப் பதம் வரும்வரை ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். ஒரு கையில் அகப்பை, மறு கையில் விசிறி. பஞ்சு பறந்து சோப்பில் விழும், சோப்பு தெறித்துக் கம்பளியில் விழும். மறுநாள் கட்டியானதும் என் நூலாலேயே வில்லை வில்லையாக அறுத்தேன். அந்த நூல் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பிறகு நாற்பது நாளாவது காய வேண்டும். அதற்கு முன்னால் தொட்டால் காரம் தோலைப் பிடுங்கிவிடும்.

காய வைக்க மச்சுக்கு ஏறினேன். பலகை எடுக்கப் பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டபோது ஒரு பிரம்புப் பெட்டி தட்டுப்பட்டது. திறந்தால் வசம்பு வாசனை அடித்தது. உள்ளே பச்சைப் பிள்ளையின் காலுக்கு ஒரு மேஜோடு, பின்னி முடித்தது. இன்னொன்று பாதியில், ஊசியோடு. பக்கத்தில் பால் நிறத்தில் நூலுருண்டை. ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு துணிகூட எடுத்துவைக்க மாட்டார்கள். பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். கோமதி முன்கூட்டியே மேஜோடு பின்னியிருக்கிறாள், போயும்விட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இருந்தது. அப்படியும் அந்த ஊசியைக் கையில் எடுத்தேன் என்றால் அது பொறாமைதான், உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்தச் செத்தவளைவிட என் கை மட்டமா, பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாள் தள்ளி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தக் காலத்து மத்தியானங்களை இப்போது உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது. உச்சிக்கு வெயில் வந்துவிட்டால் தெருவில் ஒரு நாய் நடக்காது. ஆற்றில் தண்ணீர் சுருங்கி மணல் தகிக்கும், படித்துறையில் ஆள் இருக்காது. உச்சிநேரத்தில் கிணற்றடிக்குப் போகாதே, தலையை விரித்துப்போட்டுப் படுக்காதே என்பார்கள். காக்கை வாயைத் திறந்துகொண்டு சும்மா இருக்கும். வீடு மொத்தமும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ராத்திரிக்கு நான் பயந்ததே கிடையாது. மத்தியானத்துக்குப் பயந்திருக்கிறேன்.

முதல் நாள் நாலு வரிசை பின்னிவிட்டுக் கீழே வந்து பட்டாசலில் படுத்துத் தூங்கினேன். மறுநாள் ஏறிப் பார்த்தால் என் நாலு வரிசையையும் காணோம். அவள் விட்ட இடத்திலேயே ஊசி நின்றது. நூல் உருண்டையில் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. நான்தான் கனாக் கண்டேன் போலிருக்கிறது என்று ஐந்து வரிசை பின்னினேன். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. ஓரத்துச் சோப்பு வில்லை மட்டும் மழுங்கி, மேலே நுரை காய்ந்து பொருக்காக இருந்தது. மூன்றாம் நாள் அடையாளத்துக்கு ஒன்று செய்தேன். பின்னி முடித்த வரிசையில் என் ராட்டு நூல் ஒரு துண்டைக் கட்டி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

முழித்தபோது உள்ளங்கை இரண்டும் எரிந்தது. இடது மணிக்கட்டில் என்னமோ உறுத்திற்று. பார்த்தால் அந்த ராட்டு நூல். மூன்று முடிச்சு போட்டு, காப்புக் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தது.

மச்சுக்கு ஏறிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கோமதி என்னையும் வயிற்றில் கிடப்பதையும் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சாமானைத் தொட்டேன், அவள் புருஷனோடு வாழ்கிறேன், கேட்கமாட்டாளா என்ன. அன்றைக்கு முழுவதும் எதைத் தொட்டாலும் அவள் சாமானாகவே பட்டது. அம்மி, குத்துவிளக்கு, அவுக வேட்டி எல்லாமே. சாக எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். அதைத் தவிர வேறொன்றும் மனசில் ஓடவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரசக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டேன். மதினி பார்த்துவிட்டாள்.

"கையக் காட்டுட்டி."

காட்டினேன். தோல் சிவந்து உரிந்திருந்தது.

"மச்சுல என்ன வேலை ஒனக்கு?"

"சோப்பத் திருப்பிப் போடப் போனேன் மதினி."

"அது சாப்பிட்ட ஒடன போனது. தூங்கிட்டு இருந்தவ எந்திரிச்சு மறுபடி போறியே, அது எதுக்கு?"

"நான் போகலியே."

மதினி கிட்ட வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மூணு நாளாப் பாக்குதேன். நேத்து ஒம் பின்னாலயே ஏறி வந்தேன். செம்புத் தண்ணிய எடுத்து, சோப்புப் போட்டு, வெரல் இடுக்கெல்லாம் தேச்சுக் கழுவுன. முந்தானையில தொடச்சுக்கிட்டு அங்கன உக்காந்து, பைய ஒவ்வொரு வரிசையாப் பிரிச்ச. ஒம் பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிட்டேன். நீ திரும்பல." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "பவுனுன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்துச் சிரிச்ச. நான் பதறிக் கீழ எறங்கி வந்துட்டேன்."

"பவுனு யாரு மதினி?"

"கோமதிதான். நான் மட்டும் அப்பிடிக் கூப்பிடுவேன், நாங்க ரெண்டு பேரும் தனிச்சிருக்கையில. எங்க தம்பிக்குக்கூடத் தெரியாது."

எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அந்தப் பேரை அந்த நிமிஷம் வரை நான் கேட்டதில்லை. மணிக்கட்டை நீட்டி, "இத நீங்க கட்டுனியளா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குக் கட்டுதேன். நீ எறங்கி வரும்போதே கையில கெடந்துது."

தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று ஒன்று உண்டென்று பின்னால் ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கட்டும், யார் இல்லை என்றது. ஆனால் நீங்கள் ஒரு நூலை எடுத்து ஒற்றைக் கையால் மறு மணிக்கட்டில் மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டுப் பாருங்கள். நான் பலநாள் போட்டுப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

அப்போதுதான் வயிற்று விஷயத்தை மதினியிடம் சொன்னேன். என்னையும் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறாள் என்று சொல்லி அழுதேன். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எடுக்க வந்தவன்னா முடிக்க விட்டுட்டுல்லா பாத்துக்கிட்டு இருப்பா. ஏட்டி, அவ பிரிக்குதா. பிரிச்சுப் பிரிச்சுப் போடுதா. அன்னைக்கு அவ பின்னிக் கொண்டாந்து காட்டையில நான் தடுத்திருக்கணும். தடுக்கல. நல்லா இருக்குன்னு சொன்னேன். நாஞ் சொல்லாதத இப்ப அவ வந்து சொல்லுதா ஒனக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு மதினி அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அத்தனை வருஷமும் அவள் நெஞ்சில் எதைப் போட்டுப் பூட்டிக்கொண்டு சாவிக்கொத்தோடு நடமாடினாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் மச்சுக்கு ஏறினோம். மதினி என் கையை எண்ணெய் தடவித் துணியால் சுற்றிவிட்டு, தான் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாதி மேஜோட்டைப் பிரித்தாள். பிறகு முழு மேஜோட்டையும். அதன் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. நான் உருண்டையில் சுற்றினேன். பிரித்த நூல் சுருள் சுருளாக வந்தது. மூன்றாவதாக அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. சாயங்காலம் மூத்தவளுக்குப் புடவை வைத்துப் படப்புப் போட்டுக் கும்பிட்டோம். வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு ஒரு சோப்பு வில்லையையும் மதினி வைத்தாள். கச்சேரியிலிருந்து வந்த அவுக, "சோப்பு எதுக்கு?" என்று கேட்டார். "சும்மா இரு" என்றாள் மதினி. சும்மா இருந்தார். நூலுருண்டையை வெள்ளிக்கிழமை மிசியம்மாவிடம் கொடுத்தேன். உற்றுப் பார்த்தவர் யாருடையது என்று கண்டுகொண்டு பைக்குள் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

மார்கழியில் இரண்டு நாள் வலிக்குப் பிறகு பெண் பிறந்தது. கை வீங்கி இறுகிப்போயிருந்த காப்பு நூலை மருத்துவச்சி கத்தரித்து எறிந்தாள். நான் பிழைத்தேன், பிள்ளையும் பிழைத்தது. கோமதி என்று பேர் வைத்தோம். அவளே இப்போது பேரன் எடுத்துவிட்டாள்.

அந்த வீட்டை விற்று, வாங்கினவர் இடித்து, இப்போது அங்கே சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மிசியம்மா தன் ஊருக்குக் கப்பலேறிப் போனார். அவுக சோப்பு மூன்று வருஷத்தோடு நின்றது. ராட்டைக் கறையான் தின்றது. மத்தியானத்தில் இப்போது ரேடியோ பாடுகிறது, விசிறி சுற்றுகிறது, பஸ்காரன் ஆரன் அடிக்கிறான். ஒருத்தரும் எதற்கும் பயப்படுவதில்லை. நல்லதுதான், நான் வேண்டாமென்றா சொல்கிறேன்.

எனக்கு இருக்கிற வருத்தம் ஒன்றுதான். பிள்ளை பிறந்த பிறகு அவள் வரவே இல்லை. நான் அவளை எதிர்பார்த்தேன். காப்பாற்றிவிட்டுப் போனவள் பிள்ளையைப் பார்க்கவாவது ஒரு தடவை வந்திருக்கலாம் அல்லவா. கோடைதோறும் உச்சிக்கு நான் படுத்துத் தூங்குவேன், மதினி தலைமாட்டில் உட்கார்ந்து "ஏ பவுனு" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பாள். முழித்ததும், "திரும்பினேனா மதினி?" என்று கேட்பேன். "இல்லட்டி, நீதான் கெடந்த" என்பாள். இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப்போகும். கண் மூடுகிற வருஷம்வரை மதினி கூப்பிட்டுப் பார்த்தாள்.

அவளும் போனபிறகு அந்தப் பேர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தூங்குகிறபோது என்னை நானே எப்படிக் கூப்பிட்டுப் பார்ப்பது?