அண்ணாச்சி கவிழ்த்துப் பார்த்த ஆறு நாற்காலிகள்

துறைமுக அலுவலகத்திலிருந்து என் கணவர் மத்தியானமே வீடு திரும்பினால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். போன வாரம் அப்படித்தான் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தொம்மை அண்ணாச்சி போயிட்டாரு" என்றார். நான் அப்போது உட்கார்ந்திருந்த நாற்காலி அண்ணாச்சி கொடுத்தது. அதிலிருந்து எழுந்திருக்கத் தோன்றவில்லை. அதிலேயே இருந்து அழுதேன்.

தூத்துக்குடியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. இருந்தாலும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய நாற்காலி, முக்காலி, சாய்வு நாற்காலி எதை வாங்குவதானாலும் இந்த ஊரில் முதலில் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்ட, அவர்களுடைய பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அண்ணாச்சி நாற்காலியை முன்னால் நின்று பார்க்கவே மாட்டார். வந்ததும் தூக்கிக் குப்புறக் கவிழ்ப்பார். பொருத்துகளில் மூக்கை வைத்து முகர்வார். சட்டத்தில் நகத்தால் அழுத்துவார். தட்டினால் மாவு மாதிரித் தூள் உதிர்கிறதா என்று உள்ளங்கையை ஏந்திப் பார்ப்பார். "முகத்துக்கு எவனும் பாலிஷ் போடுவான். அடிவயித்துக்கு எவம்லே போடுதான்?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு வந்த சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. பங்குச் சாமியார் "உட்காருங்க" என்று சொன்னாலும் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் உட்காருவார். தாலுகா ஆபீசில் அதிகாரி எழுந்து வெளியே போன நேரத்தில் அவருடைய நாற்காலியையே கவிழ்த்துவிட்டு, பியூனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வக்கீல் ஒருவர் தன் வீட்டு நாற்காலி டச்சுக்காரன் காலத்தது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் முன்னால், "முதுகு டச்சுக்காரன் காலம்தான். கால் நாலும் போன கிறிஸ்மசுக்கு வந்தது" என்றார். வக்கீல் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. அப்புறம் ஒரு மேஜை வாங்கப் போனபோது அண்ணாச்சிக்குத்தான் ஆள் அனுப்பினார். நாற்காலி விஷயத்தில் அந்த மனிதருக்குப் பொய் வராது. அதை நான் சும்மா சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த நாள். கீழவைப்பாரில் எங்கள் வீடு. அப்பா கொழும்புக்குத் தோணியில் போனவர், திரும்பவில்லை. அம்மா ஒருத்தியாக நின்று என்னை டீச்சர் டிரெய்னிங் வரை படிக்க வைத்தாள். வீட்டில் உட்காரும் சாமான் என்று இருந்தது ஒரு பெஞ்சு மட்டுமே. மாப்பிள்ளை வீட்டார் டவுன்காரர்கள். முந்தின இரண்டு வரன்கள் வாசலோடு போயிருந்தன. இதுவும் போனால் அம்மா தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவள் தெருவில் ஆறு வீடு ஏறி, வீட்டுக்கு ஒன்றாக ஆறு நாற்காலி இரவல் வாங்கி, துடைத்து, வரிசையாகப் போட்டு வைத்தாள். எல்லாம் எங்கள் வீட்டு நாற்காலி மாதிரியே இருந்தன. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றை நாங்கள் மறந்துவிட்டோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரவல் போகிற நாற்காலி மாறிப்போகாமல் வந்து சேர, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அடியில் பெயிண்டால் வீட்டு அடையாளம் எழுதி வைப்போம். அடியில்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று தொம்மை அண்ணாச்சியைக் கூட்டி வருவார்கள் என்று நாங்கள் கண்டோமா!

வந்தார். கும்பிட்டார். முதல் நாற்காலியைக் கவிழ்த்தார். நான் காப்பித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றேன். இரண்டாவதைக் கவிழ்த்தார். மூன்றாவது. ஆறையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். மாப்பிள்ளையின் அத்தை, ரோசலின் அத்தை என்று பெயர், "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தோமா, ஏலம் எடுக்க வந்தோமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "சரி சொல்லுங்க, வீட்டுச் சாமான் எப்படி இருக்கு?"

"வீட்டுச் சாமான் இல்ல" என்றார் அண்ணாச்சி. "ஆறும் ஆறு வீட்டு நாக்காலி."

பாவி மனுஷா, ஒரு பொய் சொன்னால் உன் வாய் வெந்தா போகும் என்று நான் மனசுக்குள் சபித்தேன். இன்றைக்கு அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

அத்தை எழுந்தே விட்டாள். "இரவலா? உக்கார ஒரு நாக்காலி இல்லாத வீட்டுக்கா எங்களக் கூட்டியாந்தீக?"

"ஏளா, இரு. நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்று அவளை அடக்கினார். "இந்தா, இது பர்மாத் தேக்கு. பிரம்பு இந்த வருசம்தான் பின்னிருக்கு. அது கொழும்புச் சாமான், ஒரு ஆணி கிடையாது, பூராவும் மர முளை. ஆறையும் ஆட்டிப் பாத்துட்டேன், ஒண்ணு கூட ஆடல. எத்தன கல்யாண வீடு பாத்திருக்கேன்! இரவல்னு கேட்டா ஊர்ல எந்த நாக்காலியக் குடுப்பாவ? கால் ஆடுறது, பிரம்பு கிழிஞ்சது. போன மாசம் எங்க வீட்டு விசேசத்துக்கு நீ குடுத்துவிட்ட முக்காலி ஞாபகம் இருக்கா? அதுல உக்காந்த எம் மச்சான் இன்னும் இடுப்பப் புடிச்சிக்கிட்டு நடக்கான்."

அறை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"இங்கன ஆறு வீடும் நடுவீட்டு நாக்காலியத் தூக்கிக் குடுத்திருக்கு" என்றார் அண்ணாச்சி. அம்மாவைக் காட்டி, "இந்தத் தங்கச்சிக்கு ஊர் போட்ட மதிப்பு அது. இதுக்கு மேல நான் என்ன மதிப்புப் போட?" சொல்லிவிட்டு, கொழும்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "ஏளா, காப்பியக் கொண்டா, ஆறிரும்" என்றார்.

ரோசலின் அத்தை தன் நாற்காலியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அந்தத் தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது.

நாங்கள் டவுனில் குடித்தனம் வைத்ததும் ஏலத்தில் எடுத்த ஒரு கை வைத்த நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். கவிழ்த்தேன். அவரிடமிருந்து தொற்றிய பழக்கம். அடியில் என் பெயர் எழுத்தும் கணவர் பெயர் எழுத்தும் வெள்ளைப் பெயிண்டில் இருந்தன. "இனி உங்க வீட்டு நாக்காலியும் ஊருக்குள்ள போய் வரட்டும்" என்றார்.

அடக்கத்தன்று அந்த நாற்காலியை நானும் கணவரும் ஆளுக்கொரு கை பிடித்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. யாரும் கேட்டு வாங்கவில்லை, தானாகவே வந்தவை என்றார் அவர் மனைவி சலேத் அக்கா. அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாக மெல்லச் சாய்த்து அடியைப் பார்த்தேன். வக்கீல் வீட்டு நாற்காலி, கால் மட்டும் புதிதான அதே நாற்காலி, வந்திருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி. ரோசலின் அத்தை தன் நடுவீட்டில் யாரையும் உட்காரவிடாமல் உறை போட்டு மூடி வைத்திருக்கும் நாற்காலி அது. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். "என்னளா பாக்க? நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மற்ற நாற்காலிகளெல்லாம் அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. எங்களுடையது இன்னும் வரவில்லை. சலேத் அக்கா அதில் உட்கார்ந்துதான் ஜெபமாலை சொல்லுகிறார்களாம். நான் கேட்கப் போவதில்லை. அண்ணாச்சி, உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: யார் கேட்டு வந்தாலும் நடுவீட்டு நாற்காலியைத்தான் கொடுப்பேன். பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.