முழுதாகப் பார்த்தவர்

எங்கள் தாம்பரம் கல்லூரியில் ஒரு விதி: இணையவழிப் பாடங்களை ஒருவர் முழுதாகப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அவை மாணவர்களுக்குப் போகும். அந்த ஒருவர், கொண்டையில் பென்சில் செருகியிருக்கும் ஓர் அலுவலக அம்மையார். என் முப்பது பாடங்களையும் வெளியிட மறுநாள்தான் கடைசி நாள்.

"வேகமா ஓட்டிப் பாத்துடுங்க மேடம். பசங்களே அப்படித்தான் பாக்கறாங்க."

"அப்ப நானாவது மெதுவாப் பாக்கணும்ல சார்?" என்று ஹெட்போனைக் கழற்றினார். "பதினோராவது பாடத்துல ஒரு டவுட். அதைச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

இருபது வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் சந்தேகம். பதில் தெரியாமல், முடிச்சூர் வீட்டில் அந்தப் பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். ஏழாம் நிமிடத்தில் தூங்கிப்போனேன். காலையில் மறுபடி பார்த்துப் பதில் சொன்னேன், கையெழுத்து விழுந்தது.

முப்பதையும் அவர் எப்படித்தான் விழித்திருந்து பார்த்தாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.